யாரைக் கூப்பிடணும்

கிருஷ்ணப்ரியாவுக்குச் சந்தேகம் வந்து யாரும் பார்த்ததில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கடலைமிட்டாய்க் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த இடமே அவள் சொல்கிறபடி நடக்க ஆரம்பித்துவிட்டது. முதலாளி பரமசிவன் எப்போதாவது வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, "எல்லாம் ஓடுதாம்மா?" என்று கேட்பார். "பறக்குது சார்" என்பாள். அவரும் திருப்தியாக எழுந்து போய்விடுவார். கீழே வெல்லப்பாகு கொதிக்கும், மேலே இவள் கொதிப்பாள், நடுவில் மாட்டிக்கொண்டது நான்தான் என்று கூட வேலை பார்த்த இந்துஜா சொல்லுவாள். இந்துஜாவுக்கு டைப்பிங் வேகம், வாயும் கொஞ்சம் வேகம்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் அது. ஒருநாள் வெயிலுமுத்து அண்ணாச்சி ஒரு ஒயர் கூடை நிறைய விண்ணப்பத் தாள்களோடு மாடிப்படி ஏறி வந்தார். அண்ணாச்சிக்கு மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை. அவரைக் கேட்டால் அது பொழுதுபோக்கு என்பார், உண்மையான உத்தியோகம் பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுப்பது. கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையைத் தொடாத வீடு குறைவு. ஆனால் மைதானத்துக்கு வருவதெல்லாம் பையன்கள். சுற்றுப்பட்டிப் பெண் பிள்ளைகள் வயலிலும் ஆட்டுக்குப் பின்னாலும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்த அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மைதானத்துக்கு வரவழைத்தார். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அதில் நாற்பது சொச்சம் பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். கூடையில் இருந்தது அவர்களுடைய தாள்கள்.

"வர்ற சனிக்கிழமை சென்னையிலருந்து விளையாட்டு விடுதிக்காரம்மா வாராங்க. அவங்களே பார்த்துப் பிள்ளைகளை எடுப்பாங்க. எடுத்தா, தங்க இடம், சாப்பாடு, பிளஸ் டூ வரைக்கும் படிப்பு, ஆட்டம் எல்லாம் அங்கனயே. காலையில வந்து சாயங்காலம் ரயிலேறிருவாங்க. இங்கன திரும்ப வாரது அடுத்த வருஷந்தான்" என்றார். "நான் ஒவ்வொரு நம்பரா போன் போட்டுப் பிள்ளைகளை வரச் சொல்லணும். எந்த நம்பருக்கு எந்தப் பிள்ளைன்னு வரிசையா ஒரு தாள் அடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும். நான் பாட்டுக்கு எஸ்.டி.டி. பூத்துல உக்காந்து முடிச்சிருவேன்."

டைப் அடித்துக் கொடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் கிருஷ்ணப்ரியா கையில் அப்போது புதிதாக ஒரு கத்தி கிடைத்திருந்தது, அதற்கு வெட்ட ஏதாவது வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் பைத்தான் என்று ஒரு மொழி இருந்தது. கல்லூரியில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அவளாகவே படித்து, அவளாகவே மயங்கிப் போயிருந்தாள். "டைப் அடிக்கிறதெல்லாம் பழைய காலம் அண்ணாச்சி. நான் புரோகிராமே எழுதித் தாரேன். நம்பரைச் சொன்னா ஆளைக் காட்டும்" என்றாள்.

பைத்தானில் டிக்‌ஷனரி என்று ஒன்று உண்டு. பெயர் அகராதி, வேலை சாவி போட்டுப் பொருளை எடுக்கிற வேலை. ஒரு சாவிக்கு எதிரே ஒரு பொருளை வைத்துவிட்டால், சாவியைச் சொன்ன மறுகணம் பொருளை எடுத்துக் கொடுத்துவிடும். அங்கே இங்கே தேடிக்கொண்டிருக்காது. அந்தச் சுறுசுறுப்புதான் கிருஷ்ணப்ரியாவுக்குப் பிடித்துப்போனது.

"பேரையே சாவியா வச்சிரலாமேக்கா" என்றாள் இந்துஜா.

"பேரா? கூடைக்குள்ள எத்தனை மாரிச்செல்வி கிடக்கான்னு எண்ணிப் பாரு."

இந்துஜா தாள்களைப் புரட்டினாள். மாரிச்செல்விகள் வந்துகொண்டே இருந்தார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்தானே. இத்தனை மாரிச்செல்வியையும் ஒரே சாவியில் தொங்கவிட முடியாது என்று கிருஷ்ணப்ரியா விளக்கினாள். போன் நம்பர் என்றால் குழப்பமே கிடையாது, ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர், ஒரு நம்பருக்கு ஒரு பிள்ளை. நம்பர்தான் சாவி, எதிரே பிள்ளையின் பெயரும் ஊரும். சொல்லும்போதே தன் புத்தியை நினைத்து அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

இந்துஜா டைப் அடிக்க உட்கார்ந்தாள். நாலைந்து தாள் போனதும் நிறுத்தினாள். "நம்பர் பக்கத்துல பி.பி., பி.பி.ன்னு எழுதியிருக்காங்கக்கா. அதையும் அடிக்கவா?"

"எழுத்தெல்லாம் எதுக்கு? நம்பரை மட்டும் அடி. தப்பித்தவறி எழுத்து வந்தாலும் வடிகட்டித் தள்ளுறதுக்கு ஒரு வரி எழுதியிருக்கேன்."

அந்த வடிகட்டியைப் பற்றியும் அவளுக்குப் பெருமைதான்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே தாள் தயாராகிவிட்டது. பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று அடித்துத் தள்ளியதை வெயிலுமுத்து அண்ணாச்சி கிழித்து எடுத்துக்கொண்டு, அதை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான்" என்று சொல்லிவிட்டு நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். கொடுத்த பெயர்களை எண்ணவில்லை, வந்த பெயர்களையும் எண்ணவில்லை. கிருஷ்ணப்ரியாவும் எண்ணவில்லை. எண்ணுகிற வேலை கம்ப்யூட்டருடையது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

அவள் ஊர் இடைசெவல். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் அம்மா சுந்தரம்மாள், "நம்ம வடக்குத் தெரு ஆறுமுகத்தாய்க்குப் போன் வந்துச்சு. ஹாக்கிக்கு எடுத்திருக்காங்களாம்" என்றாள். "என் புரோகிராம் போடச் சொன்ன போனும்மா அது" என்று கிருஷ்ணப்ரியா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். தன் வீட்டு நம்பரை இன்னொரு வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தோசை நன்றாக இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிவாக்கில் அண்ணாச்சி மறுபடி படியேறி வந்தார். முகம் கறுத்துக் கிடந்தது.

"பாதிப் பேருதான் வந்திருக்கு" என்றார். "பிள்ளை ஓடுதாளா ஆடுதாளான்னு நாம பாக்கோம். இவிய எல்லாம் பிள்ளைக்கு எப்ப கல்யாணம்னு பாக்காவ. வெளியூர் விடுதின்ன உடனே அனுப்ப மாட்டேனுட்டாவ போல. மத்தவ வரலைன்னாலும் தாங்கிக்கிடுவேன். இடைசெவல் மாரிச்செல்வி வரலை. அவளைக் காட்டுறதுக்குத்தான் அந்தம்மாவையே வரச் சொன்னேன்."

"இடைசெவலா? எங்க ஊரு."

"ஆமா. ஆட்டுக்காரர் கண்ணுசாமி மக. பந்து மட்டைக்கு வந்தா விடவே மாட்டா. அதே ஊர்ல இருந்து ஆறுமுகத்தாய் வந்திருக்கா. எங்கட்டி உன் சேக்காளின்னு கேட்டா, அவ வரலைங்கா, தலையைக் குனிஞ்சுகிட்டு நிக்கா. அதுக்கு மேல பேச மாட்டேங்கா. காலையிலருந்து அவளும் ஒரு பந்தைக்கூட ஒழுங்கா அடிக்கல. கண்ணுசாமி வேண்டாம்னுட்டாருன்னு அதுலயே தெரியுதே. ஒரே ஒரு தடவை அவர்கிட்டப் பேசிப் பாத்திருதேன். நம்பர் எடுத்துக் குடும்மா."

"நீங்க போன் போட்டப்போ மாரிச்செல்வி பேரைப் படிச்சீங்கதானே?"

"எத்தனையோ மாரிச்செல்வி படிச்சேன். அதுல எவ எந்த ஊருன்னு யாரு கண்டா."

கிருஷ்ணப்ரியா கம்ப்யூட்டரில் தேடினாள். நாகலாபுரம் மாரிச்செல்வி இருந்தாள், கழுகுமலை மாரிச்செல்வி இருந்தாள். இடைசெவலுக்கு மாரிச்செல்வி இல்லை. "நீங்க தாளே தரலியோ என்னமோ" என்று அண்ணாச்சியையே திருப்பிக் கேட்டாள். பிழை தன் பக்கம் இருக்கும் என்ற எண்ணம் அவள் இருந்த தெருப் பக்கம்கூட வரவில்லை. இந்துஜா ஒயர் கூடையைக் கவிழ்த்துத் தேடி, கண்ணுசாமி மகள் மாரிச்செல்வியின் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "நான் அடிச்சேன்க்கா. நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

தாளைப் பார்க்கக்கூட கிருஷ்ணப்ரியாவுக்குப் பொறுமையில்லை. "நம்ம ஊருதானே, எங்க வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டுட்டாப் போச்சு. கண்ணுசாமி அனுப்ப மாட்டேன்னாரா என்னன்னு அம்மா போய்க் கேட்டுட்டு வருவாங்க" என்று சொல்லிக்கொண்டே ரிசீவரை எடுத்துத் தன் வீட்டு நம்பரைச் சுழற்றினாள்.

மறுமுனையில் சுந்தரம்மாள் எடுத்தாள். எப்போதும் எடுக்கிற மாதிரியே எடுத்தாள்.

"யாரைக் கூப்பிடணும்?"

கிருஷ்ணப்ரியாவின் கண் மேஜையில் கிடந்த மாரிச்செல்வியின் தாளுக்குப் போனது, அதில் இருந்ததும் அதே நம்பர்தான், பக்கத்தில் பி.பி.

அந்த வீட்டுக்கு அவள் எட்டாவது படிக்கும்போது போன் வந்தது. ஊரிலேயே முதல் போன். கூடத்தில் வைத்தால் வருகிறவர் போகிறவருக்குக் கஷ்டம் என்று அப்பா அதைத் தெருப்பக்கத்து ஜன்னலில் வைத்தார். யார் வேண்டுமானாலும் வெளியே நின்றபடி கம்பி வழியாக ரிசீவரை வாங்கிப் பேசிக்கொள்ளலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், பம்பாயில் இருந்தவர்கள், பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். அம்மா ரிசீவரை எடுத்ததும் நீங்கள் யார் என்று கேட்பதில்லை, யாரைக் கூப்பிடணும் என்றுதான் கேட்பாள். பெயரைச் சொன்னதும் கிருஷ்ணப்ரியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவாள். வடக்குத் தெருவுக்கும் கம்மாய்க் கரைக்கும் அவள் ஓடின ஓட்டத்துக்கு அண்ணாச்சி அன்றைக்கு இருந்திருந்தால் அவளையே அணியில் சேர்த்திருப்பார். இத்தனையும் செய்துவிட்டு, அது எங்கள் வீட்டு நம்பர் என்றே இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். ஊரில் பாதிப் பேர் அதைத் தங்கள் நம்பர் என்றுதான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி எழுதும்போது மறக்காமல் பக்கத்தில் பி.பி. என்றும் போட்டார்கள். போன் இங்கே, ஆள் வேறு வீட்டில் என்று அதற்கு அர்த்தம். அதைத்தான் அவள் வடிகட்டித் தள்ளியிருந்தாள்.

"யாரு? யாரைக் கூப்பிடணும்?" என்றாள் சுந்தரம்மாள் மறுபடி.

"அம்மா, நான்தான்."

"ஏமே, நீயா?" மகள் என்று தெரிந்ததும் வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஒரு வார்த்தை முன்னால் வந்துவிடும் அவளுக்கு. "என்னாச்சு, இந்நேரத்துக்கு?"

"அன்னைக்கு ஹாக்கிக்குப் போன் வந்துச்சே, அப்போ மாரிச்செல்வி அங்கே வந்தாளா?"

"வந்தாளே. ஹாக்கிக்குப் போன்னு சொல்லி விட்டேன், ரெண்டு பேரும் சேந்துதான் ஓடிவந்தாளுவ. ஆறுமுகத்தாய் பேரு மட்டுந்தான் சொன்னாவ. இன்னொரு பேரு இருக்கான்னு நானும் கேட்டேன், இந்த நம்பருக்கு ஒரு பேருதான்னு வச்சிட்டாவ. பாவம், அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடிச்சுகிட்டு ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் சேக்காளி முதுகைத் தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டா."

கிருஷ்ணப்ரியாவுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் தப்பு ஒன்று முழு உருவத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தது. டிக்‌ஷனரியில் ஒரு சாவிக்கு ஒரே இடம். அதே சாவியோடு இன்னொரு பெயர் வந்தால் முன்னால் இருந்ததை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றிக்கொள்ளும். ஏன் என்று கேட்காது, எச்சரிக்கை கொடுக்காது. பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த இடத்தில் அடுத்து ஏறினவர் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரிதான். மாரிச்செல்வியின் தாள் முதலில் ஏறியது, அடுத்து அதே நம்பரோடு ஆறுமுகத்தாயின் தாள். இப்படி எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பிள்ளை இறக்கிவிடப்பட்டாளோ. அண்ணாச்சி நம்பிய மாதிரி யாரும் பிள்ளையைத் தடுக்கவில்லை. கூப்பிட்டிருந்தால்தானே அனுப்ப.

ஆனால் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை அவள்.

"அம்மா, மாரிச்செல்வி பேரும் இருக்கு. விட்டுப்போச்சு. அவ இப்போ எங்கே இருந்தாலும் சரி, அடுத்த பஸ்ஸில் ஏத்தி மைதானத்துக்கு அனுப்பு. சென்னைக்காரம்மா அஞ்சு மணிக்குக் கிளம்பிருவாங்க. இதை விட்டா அடுத்த வருஷம்தான்."

"ஆட்டோட கரிசக்காட்டுப் பக்கம் போயிருப்பா. கண்ணுசாமி புதூர்ச் சந்தைக்குப் போயிருக்கான்." சுந்தரம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி வை. நானே போறேன்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். நடந்ததை அண்ணாச்சியிடமும் இந்துஜாவிடமும் ஒளிக்காமல் சொன்னாள். "தப்பு என் புரோகிராமிலதான் அண்ணாச்சி. ஊர்க்காரங்க மேல இல்ல. பத்து நிமிஷம் குடுங்க, விட்டுப்போன அத்தனை பேரையும் எடுத்துத் தாரேன்."

அண்ணாச்சி எதையோ திட்ட வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுது" என்றார்.

சரிசெய்யும் வழி அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நம்பருக்கு எதிரே பெயரை வைக்கக்கூடாது, ஒரு பட்டியலை வைக்க வேண்டும். பெயர் வரவர அந்தப் பட்டியலுக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டு பேர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் யாரும் யாரையும் இறக்கிவிட மாட்டார்கள். கை பறந்தது. மேலே ஒரு காலிப் பட்டியலைச் செய்தாள், அதை எல்லா நம்பருக்கும் எதிரே வைத்தாள், பெயர்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். பிரிண்டர் மறுபடி கிரீச்சிட்டது.

அண்ணாச்சி தாளைக் கிழித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா," என்றார் மெதுவாக, "இப்ப எல்லா ஊர்லயும் எல்லாப் பிள்ளைகளும் இருக்கே. கழுகுமலை நம்பர்லயும் நாற்பது, நாகலாபுரம் நம்பர்லயும் நாற்பது. இத்தனை பிள்ளை இருந்தா நான் மாநிலத்துக்கே அணி அனுப்புவேனே."

இந்துஜா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கிருஷ்ணப்ரியாவுக்கே சிரிப்பு வந்தது. அவசரத்தில் செய்தது ஒரே ஒரு பட்டியல்தான். ஒரே கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லா வீட்டு வாசலுக்கும் போய் இதுதான் உன் கூடை என்று காட்டிவிட்டு வந்திருந்தாள். யார் எதைப் போட்டாலும் அதே கூடையில்தான் விழும். ஒவ்வொரு நம்பரும் முதன்முதலாக வரும்போது அதற்கென்று புதிதாக ஒரு காலிப் பட்டியல் பிறக்க வேண்டும், அதே நம்பர் மறுபடி வந்தால் பழைய பட்டியலிலேயே பெயர் சேர வேண்டும். இரண்டு வரியை மாற்றினாள். இந்தத் தடவை தாளை அண்ணாச்சியிடம் கொடுப்பதற்கு முன்னால் கூடையில் இருந்த தாள்களையும் பிரிண்டில் வந்த பெயர்களையும் இந்துஜாவை விட்டு எண்ணச் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போயின. இடைசெவல் நம்பருக்கு எதிரே மாரிச்செல்வி, ஆறுமுகத்தாய் என்று இரண்டு பெயர் இருந்தது. தன் வீட்டு நம்பரை அவ்வளவு உன்னிப்பாக அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு மூன்று பேரும் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டார்கள். சென்டர் போனில் கிருஷ்ணப்ரியா, கீழே மிட்டாய்க் கடை போனில் இந்துஜா, எதிர் பூத்தில் அண்ணாச்சி. டீக்கடை, ரேஷன் கடை, தலைவர் வீடு, உரக்கடை என்று நம்பர் நம்பராகக் கூப்பிட்டார்கள். எடுத்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். கிருஷ்ணப்ரியா ஒவ்வொரு பட்டியலையும் முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். படித்து முடித்ததும் மறுமுனையில் யாராவது தெருவைப் பார்த்துக் குரல் கொடுப்பது கேட்கும். "ஏட்டி, உனக்கும் வந்திருக்குட்டி" என்று ஒரு குரல், பிறகு ஓடுகிற சத்தம். அவளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு அடுத்த நம்பரைச் சுழற்றினாள்.

ஒரு மணிக்கு மேல் பிள்ளைகள் ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் இறங்க ஆரம்பித்தார்கள். புதூருக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பிள்ளைகளுக்குத்தான் சாயங்காலம் வரை பஸ் இல்லை. அவர்கள் விஷயத்தைச் சென்னைக்காரம்மாவிடம் அண்ணாச்சி சொன்னபோது, கிருஷ்ணப்ரியாவும் கூடப் போய் நின்று என் தப்பினால் விட்டுப்போனவர்கள் என்று சொன்னாள். அந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தூத்துக்குடியில் அடுத்த மாதம் வேறொரு தேர்வு இருக்கிறது, அங்கே வந்து ஆடட்டும் என்றார்.

மூன்று மணிக்கு மாரிச்செல்வி வந்தாள். தெரிந்த ஓட்டுநர் என்று சுந்தரம்மாள் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டிருந்தாள். பாவாடை ஓரத்தில் கரிசல் மண் ஒட்டியிருந்தது, தலையில் ஒரு காய்ந்த புல். ஆறுமுகத்தாய் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மாரிச்செல்வி நகரவில்லை. ஓரத்தில் நின்ற கிருஷ்ணப்ரியாவிடம் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எம் பேரு மொதல்லயே இருந்துச்சா, இல்ல நம்ம ஊரு பிள்ளையாச்சேன்னு இப்ப சேத்தியளா? இப்ப சேத்ததுன்னா நான் திரும்பிப் போறேன். ஆடு அங்கன கிடக்கு."

"மொதல்லயே இருந்துச்சுட்டி. அண்ணாச்சி எடுத்த பேருல உன் பேருதான் முதல்ல ஏறுச்சு. அதை நாந்தான் தெரியாம அழிச்சுட்டேன். இப்ப எல்லாப் பேரையும் ஒண்ணா வச்சிருக்கேன். நீ போய் ஆடு."

மாரிச்செல்வி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால்சட்டை கேட்கப் போனாள்.

ஆட்டத்தைப் பற்றி அண்ணாச்சி இன்றைக்கும் பேசுவார். காலையிலிருந்து பந்தைத் தொலைத்துக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய், மாரிச்செல்வி உள்ளே வந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஊரில் ஒரே ஒரு மட்டை. ஒருத்தி அடிக்க ஒருத்தி ஓடி எடுத்துப் பழகியவர்கள். இவள் தள்ளினால் அவள் அங்கே இருப்பாள் என்று இருவருக்கும் தெரியும், எதிரே நின்றவர்களுக்குத் தெரியாது. சென்னைக்காரம்மா கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்துபோனார். நாலரை மணிக்கு அவர் பேர்களைப் படித்தபோது இரண்டு பேருமே அதில் இருந்தார்கள்.

கிருஷ்ணப்ரியா சென்டருக்கு ஓடி, மூச்சு வாங்க வீட்டுக்குப் போன் போட்டாள். மணி ஒருதரம் அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆனால் அம்மாவின் குரல் இல்லை, ஓர் ஆண் குரல்.

"யாரைக் கூப்பிடணும்?"

"யாரு பேசுதது?"

"கண்ணுசாமிம்மா. மாரிச்செல்வி அப்பன். அப்பவே சந்தையிலருந்து வந்துட்டேன். ஜன்னல்கிட்டத்தான் நிக்கேன்." குரல் தயங்கியது. "ஒங்க அம்மா எங்க ஆட்டை மடக்கிகிட்டுக் காட்டுல நிக்காவ. கம்பைக் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்னேன், தர மாட்டேங்காவ. எந்த நேரமும் போன் வரும், பெத்த அப்பன் நீ பக்கத்துல இருன்னு வெரட்டிட்டாவ. யாரைம்மா கூப்பிடணும், அம்மாவையா?"

ஆமாம் என்று சொல்லத்தான் கிருஷ்ணப்ரியா வாயெடுத்தாள். பிறகு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவைக் கூப்பிடுங்க. மாரிச்செல்வி அம்மாவைக் கூப்பிடுங்க. ஆறுமுகத்தாய் வீட்டுல எல்லாரையும் கூப்பிடுங்க. வடக்குத் தெருவுல யாரு யாரு இருக்காங்களோ அத்தனை பேரையும் கூப்பிடுங்க. எல்லாருக்கும் சேத்துத்தான் போன் வந்திருக்கு. நான் வைக்க மாட்டேன், காத்திருக்கேன்."

ரிசீவரை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டுக் கண்ணுசாமி ஓடுகிற சத்தம் கேட்டது.